சாலவாக்கத்துக்குப் போன சக்கர நாற்காலி

அந்த வருஷங்களில் நான் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய இரும்புச் சக்கர நாற்காலிகள் வந்திறங்கின. அதில் ஒன்றை சாலவாக்கம் பக்கத்து விவசாயக் கூலி ஒருவருக்குக் கொடுத்தார்கள். வைக்கோல் போரிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. அவர் மனைவிக்கும் தம்பிக்கும் நாற்காலியைக் கையாளப் பழக்கிவிட்டு வரும்படி டாக்டரம்மா என்னை வியாழக்கிழமைதோறும் அனுப்பினார்.

உத்திரமேரூரில் பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து ஏரிக்கரை மேலேயே நடக்க வேண்டும். போய்ச் சேரும்போதே எனக்கு இடுப்பு விட்டுப்போகும். அவர் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சேறு காயாத காலோடு வந்து நிற்பாள். நான் ஆஸ்பத்திரியில் படித்த வரிசையிலேயே ஆரம்பிப்பேன். பிரேக்கைப் போடு. கால்பலகையை மடக்கு. ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுக்கணும், இன்னொருவர் முட்டியைப் பிடிக்கணும். சரிவில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்கு.

"எல்லாஞ் சரி நர்சம்மா," என்றாள் முதல் வாரம். "நடவு நாள்ல இவரு தம்பியும் வூட்ல இருக்க மாட்டாரு. நான் ஒண்டியா எப்படித் தூக்கறது?"

நான் படித்த பாடத்தில் எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள்.

மூன்றாவது வாரம் அவரைப் புரட்டிப் பார்த்தபோது பிட்டத்தில் புண். உட்கார்ந்த இடத்திலேயே அழுந்தி வருவது. அவளை நன்றாகத் திட்டிவிட்டேன். மணிக்கொரு தரம் தூக்கிவிடச் சொன்னேனே, காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துது. நான் கயனியில களையெடுத்துக்கினு கீறேன். இங்க யாரு தூக்கறது?" என்றாள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

எனக்கு அவள்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பிரேக்கை எடுத்து, புங்கமரத்து நிழலுக்கு விருட்டென்று தள்ளினேன். அவர் விரல் சக்கரக் கம்பிக்குள் மாட்டித் தோல் உரிந்தது.

"கேட்டுட்டுத் தள்ளும்மா! நான் இன்னா நெல்லு மூட்டையா?"

மூன்று வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மன்னிப்புக் கேட்டு விரலுக்குத் துணி சுற்றினேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வந்ததுலேர்ந்து இவளுக்கும் தம்பிக்குந்தான் சொல்லித் தர்றீங்க. என்னாண்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? என் கையி நல்லாத்தான கீது?"

நல்லாத்தான் இருந்தது. எத்தனையோ வருஷம் கதிரடித்த கை. எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

அன்றைக்கு முதல்முறையாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையையும் நாற்காலிக் கையில் ஊன்றி, உடம்பை மேலே தூக்கி, கொஞ்சம் நிறுத்தணும். முதலில் நடுங்கித் தொப்பென்று விழுந்தார். நாலாவது தடவை ஒரு சாண் எழும்பினார். அவர் தம்பி எங்கிருந்தோ ஒரு வண்டிப் பலகையைக் கொண்டுவந்தான். நாற்காலியின் ஒரு பக்கக் கை கழன்றுவரும். அதைக் கழற்றி, பலகையைக் கட்டிலுக்குப் பாலமாகப் போட்டோம். மனைவி தோளை மட்டும் பிடித்துக்கொள்ள, அவர் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தார். வேர்த்துக் கொட்டியது. அவர் சிரிக்கவில்லை, நாங்களும் சிரிக்கவில்லை.

புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அவளுக்கு வேலை குறைந்தது என்று சொல்லமாட்டேன். துவைப்பது, கழுவுவது, மழையில் சகதியிலிருந்து சக்கரத்தைப் பிடுங்குவது எல்லாம் அவள்தான். தூக்குகிற வேலை மட்டும் போனது.

நான் கடைசியாகப் போன அன்று, வேலையிலிருந்து வந்ததும் நாற்காலியைப் பிடித்தவள், "தள்ளட்டா?" என்று கேட்டாள்.

"வோணாம். செத்த நேரம் குந்து," என்றார் அவர்.

அவள் சக்கரத்தின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனாள். சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று சிறிது நேரம் நின்றேன். எழுப்ப மனம் வரவில்லை. அவரும் எழுப்பவில்லை.