கடல் இல்லாத ஊரில் படகு பார்ப்பவன்

பழைய படகில் குறை கண்டுபிடித்துச் சொல்வது என் ஞாயிற்றுக்கிழமைத் தொழில். அதை நான் செய்வது கடலே இல்லாத ஓசூரில்.

மற்ற ஆறு நாளும் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகைக்குள் பேருந்துகளுக்கு ஃபைபர் முகப்பு வார்க்கிறேன். கண்ணாடி நாரை விரித்து, ரெசின் பூசி, உருளையால் தேய்த்துத் தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அரிப்பு போகாத வேலை. படகும் இதே சரக்குதான் என்பதால், கிருஷ்ணகிரி அணை, ஊத்தங்கரைப் பக்கத்து ஏரிகள், பர்கூர்க் கல்குவாரிகள் என்று எங்கே யார் குறைந்த விலையில் பழைய படகு தேடினாலும், ஓசூரில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எனக்கும் ஒரு படகு வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் என் அண்ணன் அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பழையதாக, ஆனால் கெட்டியாக ஒன்று வாங்க வேண்டும், நான் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது நான் ஓசூருக்கு பஸ் ஏறிய அன்றே பேசி முடித்த விஷயம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிற கொத்தனார்களே, மற்றவர்களுக்கு வரன் பார்த்தே தலை நரைத்துப்போன கல்யாணமாகாத தரகர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. மற்றவர்களுக்கு இது புரியாது.

புதுப் பெயின்ட்

முனியப்பன் கிருஷ்ணகிரி அணையில் பரிசலில் மீன் பிடிக்கிறவர். பரிசலில் குந்தியே இடுப்பு போய்விட்டது, படகுக்கு மாறலாம் என்று என்னை அழைத்துப் போனார். பார்க்கப் போன படகு அணையின் மறுகரையில் பளபளவென்று நீல நிறத்தில் கிடந்தது. பழைய படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பெயின்ட் எந்த இடத்தில் தடிமனாக இருக்கிறதோ அங்கேதான் சங்கதி இருக்கும்.

சுத்தியலின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். ஃபைபர் நன்றாக இருந்தால் 'டங்' என்று சொல்லும். அடுக்கு விட்டுப்போய் உள்ளே தண்ணீர் குடித்திருந்தால் 'பொத்' என்று சொல்லும். வலப்பக்க வயிறு முழுக்க 'பொத்' தான். நான் தட்டுகிற விதம் சரியில்லை என்றார் விற்கிறவர். சுத்தியலை அவரிடமே கொடுத்தேன். தட்டினார், அவருக்கும் அதே பதில்தான் வந்தது. முனியப்பன் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார். விற்கிறவர் மட்டும் சுத்தியலைத் திருப்பித் தராமல் படகையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாலஞ்சு வருசமா இதுலதான் மீன் புடிக்கிறன், நானும் தட்டல, அதுவும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

டேங்கர்

பர்கூர்ப் பக்கம் வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக் குழியில் கிணறு போலத் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டார் நடுவில் மிதக்கிறது. அது மக்கர் செய்தால் போய்ப் பார்க்க ஒரு படகு வேண்டும். குவாரிக்காரர்கள் மலிவாக ஒன்றைப் பிடித்து நெடுஞ்சாலை ஓரத்துப் பழைய சாமான் கிடங்கில் வைத்திருந்தார்கள். கடற்கரையில் படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்போம். இங்கே தண்ணீரைப் படகில் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. டேங்கரைக் கூப்பிடச் சொன்னேன்.

லாரி டயர்களை அடுக்கி, மேலே படகைத் தூக்கி வைத்து, கணுக்கால் அளவுக்கு மட்டும் ஊற்றச் சொன்னேன். அதற்கு மேல் ஊற்றினால் வயிறு பிளந்துவிடும். அடிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, கீழே மல்லாந்து படுத்துக்கொண்டேன். இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில், பழைய போல்ட் ஓட்டை வழியாகச் சொட்டு இறங்கி என் முகத்தில் விழுந்தது. உதட்டில் பட்டதை நாக்கு தானாகத் தொட்டுப் பார்த்தது. உப்பு இல்லை. டேங்கர் தண்ணீரில் உப்பு எங்கிருந்து வரும்? தெரிந்தும் மனசு ஒரு நிமிஷம் ஏமாந்துபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து வந்து ஓட்டையைக் காட்டினேன். அடைத்தால் சரியாகிவிடும், குழிக்குள் ஓட்ட இது போதும் என்றேன். குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த டேங்கர் டிரைவர், ஓசூர்க்காரர், இன்னும் ஆச்சரியத்திலிருந்து மீளவில்லை. "அண்ணா, நானு கல்யாண மண்டபத்துக்கு ஊத்தியிருக்கேன், ரோடு போடுற எடத்துக்கு ஊத்தியிருக்கேன், படகுக்குத் தண்ணி ஊத்துனது இன்னிக்குத்தான்."

போனில் தட்டுவது

இப்போது ஊரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். எங்கள் தெருக்காரர் அந்தோணி ஒரு படகுக்கு முன்பணம் கொடுக்குமுன் என்னைக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் மெஷின் இடித்துக்கொண்டிருந்ததால், வெளியே நின்ற கம்பெனி பஸ்ஸுக்குள் ஏறி எல்லாக் கண்ணாடியையும் சாத்தினேன். போனைப் படகின் மேல் வைத்துவிட்டு ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். முதலில் காற்று இரைச்சல்தான் கேட்டது. அந்தோணி போனைத் துண்டால் மூடிக்கொண்டார். அப்புறம் சத்தம் சுத்தமாக வந்தது. படகு நல்ல படகு. தரைப்பலகை மட்டும் மாற்றினால் போதும், தைரியமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அத்தோடு போனை வைத்திருக்கலாம். நான், துண்டை எடுத்துவிட்டு இன்னொரு தடவை என்றேன். ஏதோ முக்கியமான பரிசோதனை என்று நினைத்து அவர் துண்டை எடுத்தார். அலை வந்து விழுந்து, மணலை இழுத்துக்கொண்டு போகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன். புழுங்குகிற பஸ்ஸுக்குள் சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அந்தோணி தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, நான் தட்டுறத நிப்பாட்டி ரொம்ப நேரமாச்சு, நீங்க இன்னும் என்னத்தக் கேட்டுக்கிட்டு இருக்கீக?"

எங்களுக்கென்று ஒன்று

அண்ணனும் படகு பார்த்துப் பார்த்து வீடியோ அனுப்புவார். ஒன்று தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. ஒன்றுக்குப் பின்பலகை உளுத்திருந்தது. ஒன்று நடுவில் உடைந்து ஒட்டியது. ஒட்டியவன் வேலை சுத்தம், ஆனாலும் ஒட்டு ஒட்டுதான். கெட்டியாக இருந்தவை எல்லாம் எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. என் மனைவி சாமல்பட்டிக்காரி, விவசாயக் குடும்பம். படகு பார்க்கிற இந்தக் கண்ணோடு நான் பெண் பார்க்க வந்திருந்தால் தான் தப்பித்திருக்கலாம் என்பாள். ஒரு நாள் சிரிக்காமலே கேட்டாள், நான் படகில் குறை தேடுகிறேனா, ஊருக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடுகிறேனா என்று. அன்றைக்கு அவளிடம் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் வேலைக்குப் போனேன்.

அவள் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற இடத்தை விட்டுப் போகப் பயம்தான். மீதிப் பாதி வேறு. உளுத்த பின்பலகை நடுக்கடலில் இன்ஜினோடு பிய்ந்துகொண்டு போனால் படகில் இருப்பவர் கதி என்ன என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றில் அண்ணனை ஏற்றிவிட எனக்கு மனசு வராது. இதை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார். "எனக்கு வயசாகுதுடா தம்பி. கொறையே இல்லாத படகு வேணாம், என் காலு ஏறி எறங்குற காலத்துல ஒரு படகு வேணும்."

பாட்ஷா பாயின் அதிர்ஷ்டம்

பாட்ஷா பாய் கிருஷ்ணகிரியில் மீன் வியாபாரி. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ரொம்ப நாளாக அவரும் நானும் அவர் படகுக்காக அலைந்தோம். கடைசியில் தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு தோட்டத்தில் இருக்கிறது என்று தகவல் வந்தது. யாரோ குளம் வெட்டி விடுதி கட்டப் போவதாகச் சொல்லி, கடற்கரையிலிருந்து லாரியில் படகைக் கொண்டுவந்திருக்கிறார்கள். விடுதி வரவில்லை. டிராக்டர் நிறுத்தும் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் படகு கிடந்தது. இடம் காலியானால் போதும் என்று உரிமையாளர் அடிமாட்டு விலை சொன்னார். நாங்கள் அண்ணன் தம்பி சேர்த்து வைத்திருந்ததற்குள் அடங்குகிற விலை அது.

தார்ப்பாயை விலக்கினேன். அலையை வெட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அணியத்தை, அதாவது முன்மூக்கை, நன்றாகத் தூக்கி வார்த்திருந்தார்கள். தட்டினேன். முன்னாலிருந்து பின்னால் வரை 'டங்' என்ற ஒரே சத்தம். மறுபக்கமும் அதே. தரையைக் குதிகாலால் மிதித்தேன், அசையவில்லை. பின்பலகையில் இன்ஜினுக்கு ஓட்டைகூடப் போடவில்லை. கடலுக்கென்று பிறந்து ஒரு நாள்கூட நனையாத படகு. இரண்டாம் முறை தட்டினேன். மூன்றாம் முறை எனக்காகத் தட்டினேன். பாய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பின்பக்கம் சந்தேகமாக இருக்கிறது பாய் என்று நான் சொன்னால் போதும், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். மறுநாளே அண்ணனை வரச்சொல்லலாம். அந்த வாக்கியம் முழுசாக என் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் என்னைக் கூட்டிவந்தது அவர், அவருடைய படகுக்காக. ஒரு குறையும் இல்லை, வாங்குங்கள் என்றேன்.  தூசி என்று இருமிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் மாட்டி ஏரியில் இறக்கினார்கள். நான்தான் முதலில் ஓட்ட வேண்டும் என்று பாய் பிடிவாதம் பிடித்தார். படகு சொன்னபடி கேட்டது. அவ்வளவு தூக்கிய அணியத்துக்கு வெட்ட ஒரு அலைகூட இல்லை. கரையில் மாந்தோப்பு, அதற்கப்பால் லாரிகள். ஒரு சுற்று சுற்றினேன், இன்னொன்று, இன்னொன்று. கரைக்கு வந்து இன்ஜினை அணைத்த பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பாய் முழங்கால் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். "எறங்கு தம்பி. இது ஏரிப்பா, இவ்ளோதான் இருக்குது."

அண்ணனிடம் சொன்னது

மறைக்க மனசில்லை. திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், விலை உட்பட. திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.  அவரோ, அணியம் எவ்வளவு உயரம் என்று கேட்டார்.

சொன்னேன். பின்பலகை எத்தனை விரல் கனம் என்றார், சொன்னேன். உள்ளே ஆள் நிற்க இடம் எப்படி, ஓரம் கைக்கு எட்டுகிறதா, வலை இழுக்கும்போது சாய்வு கொடுக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓசூர், ஓசூர் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்த பஸ் போனது, அதற்கடுத்ததும் போனது. நான் தூணோரம் நின்று, இல்லாத படகை அவருக்கு அங்குலம் அங்குலமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் இங்கே, ஐஸ் பெட்டி இங்கே, வலை இந்தப் பக்கம் என்று அவரும் சாமான்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். தான் நிற்கிற இடத்தையும் நான் உட்கார்கிற இடத்தையும் அவரே முடிவு செய்தார். எல்லாம் சொல்லி முடித்ததும் பெருமூச்சு விட்டார். "சரி, போனது போகட்டும். அணியத்துலருந்து இன்னொரு தடவ சொல்லு."

ஊருக்கெல்லாம் படகு பார்த்துக் கொடுத்ததில் அண்ணனும் நானும் சேர்ந்து ஏறியிருப்பது இதுவரைக்கும் இந்த ஒன்றில்தான், அதுவும் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்.