பட்டப்பெயர் தெரியாத பழைய மாணவன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு கோடைகாலங்கள் நான் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியின் செயலாளராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். ஊரில் கீரியும் பாம்புமாக இருந்த ஆறு கல்லூரிகளின் பழைய மாணவர்கள் லண்டனுக்கு வந்த பிறகும் அந்தப் பகையை விடவில்லை. மே மாதம் தொடங்கினால் ஆகஸ்ட் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு பூங்காவில் மோதிக்கொள்வோம்.

என்னைச் செயலாளராக்கியதற்குக் காரணம் என் விளையாட்டு அறிவல்ல, என் சந்தேகப் புத்தி. பாதாள ரயில் நிலையமொன்றில் டிக்கெட் சோதிப்பது என் வேலை. டிக்கெட் இல்லாதவன் பத்து அடி தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். சங்கத்துக்கு அப்படியொருவன் தேவைப்பட்டான். முந்திய வருடம் எதிரணி ஒன்று இறக்கிய கோல் காப்பாளன், காலில் அடிபட்டதும் சுத்தமான மலையாளத்தில் தாயைக் கூப்பிட்டான். அதற்குப் பிறகுதான் அந்தந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டும் விளையாடலாம் என்று விதி வந்தது.

விதி போடுவது சுலபம். சான்றிதழுக்கு எங்கே போவது? பாதிப் பேர் உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தவர்கள். ஆகவே எங்களிடம் ஒரு பரீட்சை இருந்தது. புதிதாக வருகிறவனிடம் ஆசிரியர்களின் பட்டப்பெயர்களைக் கேட்போம். எங்கள் கல்லூரியில் ஆசிரியரின் சொந்தப் பெயரை மறந்தவன் உண்டு, பட்டப்பெயரை மறந்தவன் கிடையாது. உப அதிபருக்கு, அதாவது துணைத் தலைமையாசிரியருக்கு, மாணவர்கள் வழிவழியாக வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது, ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு தானாக வரும். அந்தச் சிரிப்பைத்தான் நான் சோதிப்பேன்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்த அந்தப் பெடியனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். இடது பக்கத்தில் ஓடுகிறவன். முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல் அடித்தான். ஆட்டம் முடிந்ததும் அவனை என் பரீட்சையில் உட்கார்த்தினேன். பின்வாசல் கிணறு, ஆய்வுகூடத்துச் சுவரின் வெடிப்பு, மழைக்கு ஒழுகும் வகுப்பறை என்று கட்டடத்தைப் பற்றி எல்லாம் சொன்னான். ஆனால் உப அதிபரின் பட்டப்பெயர் தெரியவில்லை. எந்த இல்லம் என்று கேட்டால் விழித்தான். எங்கள் விளையாட்டுப் போட்டிகளில் மாணவர்கள் இல்லம் இல்லமாகப் பிரிந்துதான் ஓடுவார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். காலைப் பிரார்த்தனையின் முதல் வரியும் அவனுக்கு வரவில்லை.

கட்டடம் தெரிகிறது, மனிதர்களைத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்காமலே பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். துவக்கோடு வந்து தங்கிய ஆயுதக்காரர்களும் அவர்களுக்குத் தகவல் சொல்லித் திரிந்தவர்களும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், நாங்கள் எல்லோரும் அரண்டுபோய் வந்தவர்கள்தான். டொரன்டோவுக்கு இரண்டு முறை டெலிபோன் எடுத்து, அங்கிருந்த அவன் வயதுப் பழைய மாணவர்களிடம் விசாரித்தேன். அப்படியொருவனை யாருக்கும் தெரியாது.

சங்கத் தலைவரிடம் சொன்னேன். அவர் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். "பாப்பம், பாப்பம்" என்றார். அவன் கோல் அடித்துக்கொண்டிருந்தான், நாங்கள் வென்றுகொண்டிருந்தோம், ஆகவே பார்த்துக்கொண்டேயிருந்தோம். நானும்தான். என் பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை மாதம் அவன் என்னிடம் ஒரு கடிதம் கேட்டான். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. சண்டை நடந்த வருடங்களில் அவன் யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியில் படித்தான் என்று பழைய மாணவர் சங்கம் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று சொலிசிட்டர் சொல்லியிருந்தார். கையில் வேறு எந்தக் காகிதமும் இல்லை, இது கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம் என்றான். கையெழுத்துப் போட வேண்டியவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றிரவே ஊருக்கு, கல்லூரி அதிபருக்கு, அவனைப் பற்றி விசாரித்து ஒரு கடிதம் எழுதினேன். யுத்தத்தைக் கடந்து கடிதம் போய்வர மாதக்கணக்காகும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்க எதிரணிச் செயலாளரிடமிருந்து புகார் வந்தது. எங்கள் இடது பக்கத்து ஆட்டக்காரன் எங்கள் பழைய மாணவன் அல்ல, உண்மையைச் செயலாளர் எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். ஒரு தேநீர்க் கடையில் அவனை எதிரே இருத்தி, உண்மையைச் சொல் என்றேன்.

"நான் பின்னேரம் படிச்சனான் அண்ணை" என்றான்.

அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்து, சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அந்தப் பள்ளிக்கூடத்தை எங்கள் கல்லூரிக் கட்டடத்தில் பிற்பகலில் நடத்தினார்களாம். இரண்டு வருடம் அங்கேதான் படித்தானாம். நான் நாட்டை விட்டு வந்தது அதற்கு எத்தனையோ வருடம் முன்னால். பின்னேரப் பள்ளிக்கூடம் ஒன்று அங்கே நடந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

"உங்கட பெடியள் போனாப் பிறகுதான் எங்களுக்குப் பின் கேற்றைத் திறப்பினம். அவையளின்ர வாங்கு மேசையிலதான் இருந்து படிச்சம். கிரவுண்டில மட்டும் இறங்க விடமாட்டினம்."

உன் சொந்தப் பள்ளிக்கூடத்துச் சங்கத்திடம் கடிதம் கேட்டிருக்கலாமே என்றேன். அது சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம், அதற்கு லண்டனில் சங்கம் இல்லை என்றான்.

அவனை நம்பினேனா? இல்லை. அவ்வளவு பொருத்தமாக ஒரு கதை வருவதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நான் குடியிருந்த கோலியர்ஸ் வுட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதில் ஓட்டை தேடினேன். வீட்டுக்கு வந்து, இவர் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் அல்ல என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இறுதி ஆட்டத்தில் அவன் விளையாடவில்லை. நாங்கள் தோற்றோம். வழக்குக்குக் கடிதமும் நான் கொடுக்கவில்லை.

அதிபரின் பதில் அடுத்த வருடம் சித்திரையில் வந்தது. அவன் சொன்னதெல்லாம் உண்மை. அவனுடைய முழுப் பெயர், வகுப்பு, பின்னேரப் பள்ளிக்கூடத்து வரவுப் பதிவு எல்லாம் இருந்தன. கெட்டிக்காரப் பெடியன், முடிந்த உதவியைச் செய்யுங்கள் என்று அதிபர் தன் கையால் கீழே எழுதியிருந்தார். வாசித்துவிட்டுச் சமையலறையில் அப்படியே நின்றேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவனுடைய பழைய முகவரியில் வேறு யாரோ இருந்தார்கள். மே மாதத்து முதல் ஆட்டத்தில்தான் அவனைத் திரும்பக் கண்டேன். எங்கள் மேல் புகார் எழுதிய அதே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். அவனைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் அன்றைக்குப் புகார் எழுதினார்களோ என்று என் புத்தி உடனே ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன். இடைவேளையில் அவனைத் தனியே கூப்பிட்டு அதிபரின் கடிதத்தைக் கொடுத்தேன்.

தன் பெயர் இருந்த வரியை அவன் இரண்டு தரம் வாசித்தான். பிறகு மடிப்புக் குலையாமல் மடித்து என்னிடமே நீட்டினான்.

"பிந்திப்போச்சு அண்ணை. நான் தங்கட கல்லூரியில படிச்சனான் எண்டு இந்த அணிக்காரர் எழுதித் தந்தவை. அதைத்தான் கேசுக்குக் குடுத்திருக்கிறன். இன்னும் முடிவு வரேல்லை. இப்ப இந்த உண்மை வெளியில வந்தால் நான் பொய்யன்."

இரண்டாம் பாதியில் அவன் எங்களுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தான்.

அடுத்த சனிக்கிழமை செவன் கிங்ஸில் தலைவர் வீட்டில் கமிட்டி கூடியது. தேநீரும் ரோல்ஸும் வந்தன. இந்த முறை நாங்கள் புகார் எழுதவேண்டும் என்றார் தலைவர். அவன் அவர்களுடைய ஆளும் அல்ல, அதற்கு அத்தாட்சி செயலாளரிடம் இருக்கும் என்று என் பக்கம் திரும்பினார். "ஊருக்கு எழுதினனீர் எல்லே, பதில் வந்ததோ?"

"வரேல்லை" என்றேன்.

"அப்ப அவன் எங்க படிச்சவன்?"

"அவையின்ர கல்லூரியிலதான். நான் நல்லா விசாரிச்சனான்."

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். டிக்கெட் இல்லாதவனை நான் பார்க்கிற பார்வை அது. மற்றப் பக்கத்திலிருந்து அதை வாங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். போன வருடம் அவனைக் கழித்துவிட்டதே இவர்தான், எதிரணிக்கும் இவருக்கும் அப்போதே ஏதோ பேச்சு இருந்திருக்கிறது என்று வாசல் பக்கம் இருந்த ஒருவர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னார்.

அதிபரின் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அது எட்டிப் பார்த்துவிடும் என்ற பயத்தில், காலடியில் விழுந்த தேக்கரண்டியைக்கூட நான் குனிந்து எடுக்கவில்லை.