பின்சக்கரத்துக்கு ஒரு ஆள் கனம்

ஏழு வயதுவரை எனக்குக் காது குத்தவில்லை. அதற்குக் காரணம் ஒரு குட்டி லாரி.

வகுப்பில் எல்லாப் பெண்பிள்ளைகளின் காதிலும் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு மட்டும் மொட்டைக் காது. எதிர்வீட்டுப் பையன் ஒருவன் என்னை "ஏலே தம்பி" என்றே கூப்பிடுவான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்தவேண்டும். எனக்கு மாமா இல்லாமல் இல்லை. சங்கரன்கோவிலிலேயே, எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஆனால் அந்த நேரத்தில் தன் அக்காவும் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். அம்மா இல்லாத பிள்ளையான அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் அவள். பனவடலிசத்திரத்தில் இருந்தாள். சிக்கல் என்னவென்றால், என் அத்தையும் என் மாமாவும் ஒரே இடத்தில் நிற்கமாட்டார்கள். சரியாகச் சொன்னால் மாமா நிற்பார், அத்தை நிற்கமாட்டாள்.

நடந்தது இதுதான். மாமா அப்போதுதான் பழைய குட்டி லாரி ஒன்றை வாங்கியிருந்தார். தோட்டங்களிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் புளியங்குடி மார்க்கெட்டில் இறக்குவதும், கரிசல்காட்டு ஊர்களிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வருவதும் தொழில். புது வண்டிக்காரனின் உற்சாகத்தில், திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரரின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அத்தையையும் இன்னும் சில பெண்களையும் தானே கூட்டிப்போவதாக ஏற்றிக்கொண்டார். முந்தின இரவு மழை. கரிசல் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. வண்டி நட்ட நடுக்காட்டில் புதைந்தது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். அத்தை நல்ல மனதோடு, தன் பலத்தின் மேல் நம்பிக்கையோடு, பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று தள்ளியிருக்கிறாள். மாமா ஆக்ஸிலேட்டரை மிதித்தாரோ இல்லையோ, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, அந்தக் காட்டிலுள்ள சேற்றையெல்லாம் வாரி அவள்மேல் அடித்துவிட்டது. தலையிலிருந்து கால்வரை கருப்பு. கட்டியிருந்தது புதுச்சேலை. போதாததற்கு ஒரு செருப்பையும் மண் விழுங்கிக்கொண்டது. நடந்து போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எங்க, நடவுக்குப் போயிட்டு வாரீகளாக்கா?" என்று ஒருத்தி கேட்டு, பந்தலே சிரித்தது.

அத்தை சேற்றை மன்னித்திருப்பாள். சிரிப்பை மன்னிக்கவில்லை. "வண்டியா அது? இனிமே அந்த வண்டியிலயோ, அந்த ஆளு இருக்குத இடத்துலயோ நான் கால் வச்சா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியவள்தான். அம்மா போய் அழுது பார்த்தாள். அப்பா போய்ச் சாப்பிடாமல் இருந்து பார்த்தார், மத்தியானம்வரை. ஒன்றும் நடக்கவில்லை. என் காது காத்திருந்தது.

அந்த வார்த்தை மாமாவைக் குடைந்துகொண்டே இருந்தது. சவாரி இல்லாத நாளெல்லாம் வண்டியின் கீழே படுத்துக் கிடப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக அங்கேதான் போவேன். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களிடம் அன்றைய கதைகளைச் சொல்லுவேன். கால்கள் ஊம் கொட்டும்.

அந்த வண்டிக்கு அவர் செய்தவற்றை இன்று நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் அப்பிக்கொண்டால் சக்கரம் அசையாது என்பதால் மட்கார்டையே அறுத்து எறிந்தார். ஓடைத் தண்ணீர் புகாமலிருக்க சைலன்சர் குழாயை கேபினுக்குப் பின்னால் மேல்நோக்கி நிமிர்த்தினார். பின்னால் பொத்தான் பொத்தானாகப் புடைத்த டயர்கள். பார்க்க வண்டி அழகாக இல்லை, கோழியைத் தூக்கி நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. எனக்கு அதைவிட அழகான வண்டி உலகத்தில் கிடையாது.

லாரி ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார்: "இதெல்லாம் வேலைக்காவாது வே. நாலு சக்கரமும் இழுக்குத வண்டியா இருக்கணும். உம்ம வண்டியில பின்னாடி ரெண்டுதான இழுக்கு?"

மாமா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "மனுசனுக்கும் ரெண்டு காலுதான் இருக்கு. சேத்துல அவன் நடக்கலையா வே?" என்றார்.

இழுக்கிற இரண்டு சக்கரமும் பின்னால். வெறும் வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும், லேசாக இருந்தால் டயர் மண்ணைப் பிடிக்காது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் தெருவே சிரித்த வழி. கிரைண்டர் வந்த பிறகு வீட்டுக்கு வீடு கொல்லையில் கிடந்த உடைந்த ஆட்டுரல்கள் இரண்டைக் கேட்டு வாங்கி, பின்சக்கரத்துக்கு நேர்மேலே, வண்டியின் தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். "மாவு எப்பம் கெடைக்கும்?" என்று கேட்காத ஆளில்லை. மாமா அசரவில்லை.

ஓட்டுவதுதான் அதைவிடப் பெரிய காட்சி. ஈரமான இடம் வந்தால் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இடத்தை நடந்து பார்ப்பார். குதிகாலால் அழுத்தி அழுத்தி, எது சரளை, எது வெறும் சேறு என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார். பிறகு இரண்டாவது கியர். அதன் பிறகு கியரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, பேச்சும் கிடையாது. மூச்சு விடுகிற மாதிரி ஒரே சீராக வண்டி போகும். "சேத்துல நிப்பாட்டினா செத்தோம் மக்கா" என்பார் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. அதன்பிறகு, என் காதுகுத்து வந்த ஐப்பசிவரை, அவர் வண்டி ஒருமுறைகூடச் சிக்கியதில்லை. டிராக்டர் தயங்குகிற பாதையில் அவர் சோளம் ஏற்றி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அப்பா பொறுமையிழந்து நாள் குறித்துவிட்டார். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டில் இருக்கும் எங்கள் குலசாமி கோவிலில் காதுகுத்து. அத்தை, சாமிக்காக வருகிறேன், வேறு யாருக்காகவும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். ஐப்பசி மாதத்தில் கரிசல்காட்டுக் கோவிலில் விசேஷம் வைத்தது யார் யோசனை என்று கேட்காதீர்கள். நாள் பார்த்துச் சொன்னவர் சங்கரன்கோவிலை விட்டு அசையவில்லை.

பேய்மழை. காலையில் விட்டிருந்தது. வாடகை வேன் எங்களையெல்லாம் தார்ரோட்டில் இறக்கிவிட்டது. "காட்டுக்குள்ள வண்டி எறங்காது, மன்னிச்சுக்கோங்க" என்று வேன்காரர் கும்பிட்டார். கோவில் கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு உள்ளே. அங்கே மாமாவின் லாரி நின்றது, மாலை போட்டு. அவர் விடியுமுன்பே வந்து ஓடையை நடந்து பார்த்திருந்தார். முழங்கால்வரை சேறு.

சமையல் ஆட்கள், பாத்திரங்கள், சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம் என்று தவணை தவணையாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். ரோட்டுச் சரிவில் இறங்கி, அடியில் தண்ணீர் வடிந்து சேறாகக் கிடந்த ஓடையைக் கடந்து, மறுகரை ஏறி, வேலிக்கருவைக்கு நடுவே வண்டி மறைந்துவிடும். ஒவ்வொருமுறை அது மறுகரை ஏறும்போதும் நான் கைதட்டினேன். அத்தை வேறு பக்கம் திரும்பி நின்றாள். அவள் வந்துவிட்டாள்தான், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் வண்டியில் ஏறமாட்டாள்.

"நான் இங்கனயே நிக்கேன். நீங்க போய் குத்திட்டு வாங்க. நான் இங்க இருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

"அக்கா வராம நானும் வரல" என்றார் அப்பா. அவர் நகரமாட்டார் என்றால் என் காதும் நகராது. நல்ல நேரம் முடிய அதிக நேரமில்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து லாரியின் முன்பக்கம் ஏற்றினாள். இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இந்த இரண்டு குடும்பமும் சேராது என்று முந்தின நாள் அவள் அடுப்படியில் அழுதிருந்தாள்.

பின்னால் சீர் மூட்டைகள், அரிசி, வாழைத்தார், அந்த இரண்டு ஆட்டுரல். முன்னால் மாமா, நடுவில் நான், ஓரத்தில் அம்மா. வண்டி சரிவில் இறங்கியது. ஓடைக்குள் போனது. நின்றுவிட்டது.

எனக்கு நம்பவே முடியவில்லை. இஞ்சின் அலறியது. தலைக்குமேல் சைலன்சர் புகையைக் கக்கியது. வண்டி ஒரு விரல்கடைகூட நகரவில்லை. நான் மாமாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலாலும் இரண்டு பெடலையும் அடிவரை மிதித்துக்கொண்டிருந்தார். பாவம், இவ்வளவு மிதித்தும் ஏறவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா, "காலையில இருந்து ஏறின வண்டிதானல..." என்று ஆரம்பித்தாள். "சும்மா இரி, அக்கா" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த அலறலைக் கேட்டு ரோட்டில் நிற்க அத்தையால் முடியுமா? சரிவில் புல் இருந்த பக்கமாக இறங்கி வந்து, வண்டிக்கு நேர் பின்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் அன்னைக்கே சொன்னேன்லா!" என்ற குரலில் அப்படி ஒரு திருப்தி.

மாமா இறங்கினார். டயரைக் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். அந்த மனிதர் அப்படித் தலை குனிந்து நின்று நான் பார்த்ததேயில்லை. பிறகு, ரோட்டில் நின்ற வேன்காரருக்கும், ரோட்டோர டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் கேட்கும்படி அத்தையிடம் சத்தமாகச் சொன்னார்: "மைனி, நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான். வண்டிக்கு லாயக்கு பத்தல. பின்னால ஒரு ஆளு கனம் கொறையுது."

"அதுக்கு?"

"நீங்க ஏறி உக்காந்தா ஏறிரும்."

"ஏன், என்னையப் பாத்தா மூட்டை மாதிரியா இருக்கு?"

"மூட்டையெல்லாம் இருக்கு மைனி. ஆளுதான் இல்ல" என்றார் மாமா.

அத்தை வண்டியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், தன் சேலையைப் பார்த்தாள். கேபினின் பின்கண்ணாடி வழியாக என் மொட்டைக் காதையும் பார்த்திருக்கலாம். மாமா அதற்குள் சாக்குகளை எடுத்து, கோவிலில் நடைபாவாடை விரிக்கிற மாதிரி, அவள் காலடியிலிருந்து வண்டிவரை விரித்துவிட்டார். அவள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த அப்பா கைகொடுத்தார். "உரல்ல உக்காரக் கூடாதும்பாகளே" என்று அத்தை முணுமுணுத்தாள். "ஒடஞ்ச உரலுக்கு அதெல்லாம் கெடையாது மைனி" என்று சொல்லி மாமா அதன்மேல் தன் துண்டை மடித்துப் போட்டார். அத்தை உட்கார்ந்தாள். அப்பாவும் ஏறிக்கொண்டார், அவர் கனத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வண்டி ஒரு உதறலும் இல்லாமல் எழும்பி மறுகரை ஏறியது. பின்னால் ரோட்டில் விசில் அடித்தார்கள். கோவிலில் காது குத்தும்போது மாமாவின் மடியில் உட்கார்ந்து நான் கத்திய கத்தில் காட்டிலுள்ள மயிலெல்லாம் பறந்தது. என் வாயில் சீனியைப் போட்டவள் அத்தை. அன்று பந்தியில் மாமாவுக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றியதும் அவள்தான்.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. "அன்னைக்கு நான் மட்டும் ஏறலைன்னா வண்டி அங்கனயே கெடந்திருக்கும்" என்று அத்தை அதன்பின் எந்தக் கல்யாணத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. மாமாவும் பக்கத்தில் நின்று, "ஆமா, மைனி கனம்தான் காப்பாத்துச்சு" என்று தலையாட்டுவார். ஸ்டாண்டில் கேலி ஓயவில்லை. "என்ன வே, மைனியை ஏத்தாமலா கெளம்புதீரு?" என்பார்கள். அத்தனை நாள் வண்டியின் கீழே கிடந்து இழைத்த மனிதர், அது சிக்காத வண்டி என்று அத்தைக்குக் காட்டத்தானே இழைத்தார்? அவள் கண்ணெதிரிலேயே சிக்கிக்கொண்டதே என்று நான் அந்த லாரிமேல் கோபமாக இருந்தேன். அதைக் காலால் உதைத்துக்கூட இருக்கிறேன்.

போன வருடம் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல்நாள், சொல்லிக்கொடுத்தவர் இடதுகாலால் ஒன்றும் வலதுகாலால் ஒன்றுமாக இரண்டு பெடலை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். இஞ்சின் அலறியது, கார் அசையவில்லை. "கிளட்ச்சை அமுக்கியிருக்கீங்க மேடம், எவ்வளவு மிதிச்சாலும் சக்கரம் சுத்தாது" என்றார். நான் காரை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று மாமாவின் இடதுகால், அடிவரை. என் கண்ணெதிரில்தானே இருந்தது! சேற்றில் நிறுத்தவே நிறுத்தாத ஆள், ஓடை முழுவதையும் குதிகாலால் தடவிப் பார்த்து, சரளை கெட்டியாக இருந்த இடமாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்.

மாமாவிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். பொங்கலுக்குப் போனபோது அத்தையிடம்தான் சொன்னேன். பெரிய ரகசியத்தை உடைக்கிற மாதிரி, கிளட்ச் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். அவள் முகம் எப்படி மாறப்போகிறதோ என்று பயமாகவும் இருந்தது.

அத்தை வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, கிளச்சோ கிளிச்சோ எனக்குத் தெரியாது. சக்கரம் சுத்தினா எப்படித் தெறிக்கும்னு எனக்குத் தெரியாதா? தலையோட குளிச்சவ நான். அன்னைக்கு அந்த வண்டி அந்தக் கத்து கத்துது, நேரா பின்னால நிக்கேன். என் பட்டுச்சேலையில ஒரு பொட்டுச் சேறு பட்டுச்சா?"

பின்னே ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன்.

"அந்த வண்டிக்காகவே கெடந்தவன், ஊரு பாக்க, சிக்கிக்கிட்டேன்னு எம் முன்னால தலையைக் குனிஞ்சு நின்னான்லா" என்றாள் அத்தை. "அதுக்குப் பொறவும் நான் ரோட்டுல நிக்கவா, ஏட்டி?"