இழவு வீட்டில் சிரித்த விஞ்ஞானிகள்

சின்னண்ணே! ஏய் சின்னண்ணே! உன் கருமாதிக்கு முன்னாலேயே நம் வீட்டில் லயமே கூடிச் சிரித்துவிட்டது, தெரியுமா உனக்கு? நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டிருப்பாய்.

படிக்கிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் எங்கள் வீடுகள், ஒவ்வொரு வீடும் ஒரு காம்பரா. பெரிதாக எழுத வராது. என் சின்னண்ணன் ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை செய்தான். வீட்டுக்கு வரும் வழியில், மழையில், வட்டவளைக்கு முன்னால் ஒரு வளைவில் அவன் வந்த ஆட்டோ புரண்டது. அதற்கு மேல் எழுத என் கை போகாது.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பென் டிரைவில் ஒரு அமெரிக்க நாடகம் கொண்டுவருவான். ஒரே வீட்டில் மூன்று விஞ்ஞானிகள். நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரி "சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் வியர்த்துவிடும். அதில் நெட்டையாக ஒருத்தன், எந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்னாலும் வெளியே நின்று வணக்கம் சொல்லிப் பழகுவான். பேச்சு இங்கிலீஷில், எழுத்து கீழே சிங்களத்தில். கடைவீதியில் சிங்களம் பேச எங்கள் எல்லாருக்கும் வரும். ஆனால் அந்த எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்கச் சின்னண்ணனால் மட்டும்தான் முடியும். அவன் படித்து, எல்லார் குரலிலும் நம் பேச்சில் சொல்லுவான். விஞ்ஞானிகளின் மேலதிகாரி அவன் வாயில் எங்கள் தோட்டத்துப் பெரிய தொரை ஆகிவிடுவார். அவர்கள் வேலை செய்கிற இடம் கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோர் ஆகிவிடும்.

பக்கத்துக் காம்பரா அத்தையும் கடைசிக் காம்பரா கங்காணி மாமாவும் தவறாமல் வந்துவிடுவார்கள். நாடகத்தைவிட அவர்கள் பேச்சுதான் அதிகம்.

"இவனுங்கள ஒரு நாளு விடியக்கால பேரு குடுக்கப் பெரட்டுக்கு அனுப்பி வைங்க. எல்லாப் பயித்தியமும் தெளிஞ்சிரும்" என்பாள் அத்தை.

"நெட்டையன நான் வேலைக்கு எடுக்கவே மாட்டேன். ஏன் எதுக்குன்னு கேட்டே கொன்னுருவான்" என்பார் மாமா.

"ஆமா, ஒங்ககிட்டதான் வந்து வேல கேட்டு நிக்கிறான்!"

அம்மாவுக்கு ஒரே கவலைதான். "மூணு ஆம்பளப் புள்ளைங்க, ஒருத்தனாச்சும் ஒல வைக்கிறானா? எந்நேரமும் அட்டப் பொட்டியில வாங்கித் திங்கிறானுங்க."

சின்னண்ணன் போன பிறகு அம்மா பேச்சை நிறுத்திவிட்டது. அழவும் இல்லை. பிளேன்டீ மட்டும் இரண்டு மடக்குக் குடிக்கும். சோறு போட்டால் தட்டில் காய்ந்து போகும். "அழுதுட்டா சரியாயிரும், அழ வையிடி" என்று எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். எப்படி அழ வைப்பது? அம்மாவும் அவன் பின்னாலேயே போய்விடுமோ என்று பயந்து ராத்திரியில் எழுந்து எழுந்து பார்ப்பேன்.

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை டீவி போடமாட்டார்கள். துணியைப் போர்த்தி வைத்துவிடுவார்கள். அந்த லயத்தில் மற்ற காம்பராக்காரர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துத்தான் பார்ப்பார்கள். சுவர் எல்லாம் பாதி வரைக்கும்தானே, மேலே கூரை ஒன்றுதான்.

ஒரு சாயந்திரம் அடைமழை. அம்மா வழக்கம்போலச் சோற்றைத் தொடவில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, துணியை இழுத்துப் போட்டுவிட்டு பென் டிரைவைச் செருகினேன். சத்தமில்லாமல் படத்தை மட்டும் காட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்காகச் சின்னண்ணன் சத்தத்தை உச்சியில் ஏற்றி வைத்திருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. நெட்டையன் கதவுக்கு வெளியே நின்று வாயைத் திறந்தான். அவ்வளவுதான், நாடகத்தில் பின்னால் சிரிப்பார்களே, அந்தக் கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டுக்குள் வெடித்துச் சிரித்தது. ரிமோட்டை அமுக்குகிறேன், அமுக்குகிறேன், வேலை செய்யவில்லை.

அத்தை குடைகூட இல்லாமல் ஓடி வந்தாள்.

"அடியே! எழவு வீட்டுல என்னடி இம்புட்டுச் சிரிப்பு? யாருடி வந்திருக்கா?" கதவுக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தாள்.

"நாங்க சிரிக்கல அத்த. அமெரிக்காக்காரங்க சிரிக்கிறாங்க."

"எங்கடி இருக்காங்க?"

"டீவிக்குள்ள."

மாமாவும் கம்போடு வந்து நின்றார். "ஒங்க சொந்தக்காரனுங்கதான் குடிச்சிட்டு வந்து கூத்தடிக்கிறானுங்கன்னு நெனச்சு, அடிக்கலாமுன்னு வந்தேன்!"

நான் வயரைப் பிடுங்கப் போனேன். மாமா கம்பை நீட்டித் தடுத்தார். "இரு புள்ள, இரு. நெட்டையன் அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டப் பேசிட்டானா இல்லையா? அத மட்டும் பாத்துட்டு அணைச்சிரு."

"இவரு ஒரு ஆளு!" என்று திட்டிக்கொண்டே அத்தையும் உட்கார்ந்தாள். "சரி, என்னா சொல்றான்னு படி."

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு வரி முடிப்பதற்குள் மூன்று வரி ஓடிவிட்டது. "'நாளைக்கு'... 'மம', அப்பிடின்னா நானு... இல்ல, 'மாமா'..."

"எந்த மாமாடி?" என்றார் மாமா.

அப்போதுதான் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"அது இல்லடி. நெட்டையன் லீவு கேக்கிறான். பெரிய தொர தரமாட்டேங்கிறாரு."

அம்மா!

அம்மாவுக்குத் தமிழ் எழுத்தே வராது, சிங்களம் எங்கே படிக்கப்போகிறது? ஆனால் கண்ணை டீவியிலிருந்து எடுக்காமல் சொல்லிக்கொண்டே போனது. நெட்டையன் தொரை வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டானாம். பக்கத்து வீட்டுக்காரி அதைச் சாக்குக்குள் ஒளித்து வைத்திருக்கிறாளாம். திரையில் கோழியும் இல்லை, சாக்கும் இல்லை. மூன்று பேரும் ஒரு கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள்!

"ஏக்கா, ஒங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் அத்தை.

"எம்புள்ள மட்டும் என்னா படிச்சா சொன்னான்? பாதி புளுகுதான். அது எனக்குத் தெரியாதா?"

மாமாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்கியது. அத்தை முந்தானையை வாயில் அடைத்தாள், அடக்க முடியவில்லை. நான் தரையில் சாய்ந்துவிட்டேன். டீவிக்குள் இருந்தவர்களும் சரியாக அந்த நேரம் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்த வாய் அப்படியே கோணிக்கொண்டு, "ஐயோ எஞ்சாமி" என்று ஓ என்று அழுதது. அத்தை கட்டிப்பிடித்துக்கொண்டாள். நெட்டையன் அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான், யாரும் அவனைப் பார்க்கவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சோறு இருக்காடி?" என்று கேட்டது அம்மா. சூடாக்கிக் கொடுத்தேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டது.

இதைப் படிக்கிற நீங்கள் எல்லாரும், கோயிலுக்குப் போகிறவர்களோ சேர்ச்சுக்குப் போகிறவர்களோ, அடுத்த தடவை கும்பிடும்போது எங்கள் சின்னண்ணனையும் நினைத்து ஒரு வார்த்தை கேளுங்கள். போன இடத்தில் அவன் நல்லா இருக்கணும் என்று கேளுங்கள்.