விற்க மறுத்த துப்பாக்கி

நெய்வேலி நகரியத்தில் செக்யூரிட்டியாக இருந்த முன்னாள் ராணுவத்தார் ஒருவர் தன் பழைய பம்ப் துப்பாக்கியை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, லைசென்ஸோடு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஒடுங்கிய முகம், நரைத்த மீசை. எதிரில் நிற்பவரின் கைகளைப் பார்த்தே பேசுவார். உட்காரச் சொல்லவில்லை.

“எதுக்கு?”

“கரும்ப பன்னி நாசம் பண்ணிக்கினு இருக்குதுங்க. மத்ததுக்கும் ஆவும்.”

“எந்த ஊரு?”

“வளையமாதேவிங்க.”

“அங்கதான் நெலத்த நெலக்கரி சுரங்கத்துக்கு எடுத்துட்டாங்களே, அப்புறம் ஏது கரும்பு? மத்ததுக்குன்னா? ஆளச் சுடவா?”

ஆத்திரத்தில் கையிலிருந்த லைசென்ஸை இறுக்கிக் கசக்கினேன்.

“இந்தக் கையில குடுக்க மாட்டேன். கெளம்பு!” என்று கதவைச் சாத்தினார்.

மறுவாரமே அதை அவர் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு “இல்லை” என்று அன்றே ஏன் சொல்லாமல் வந்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.