நெருப்பில் காட்டிய பச்சைக்கல்

என் கணவர் திருகோணமலையில் நகைத்தொழில் செய்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்த அவரது தகப்பனார், ஜேட் என்ற பச்சைக்கல்லில் செதுக்கிய பழைய மீன் ஒன்றை ஒரு சீன மாலுமியிடம் வாங்கி வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் அதை விற்க நினைத்தோம். தங்கத்தைச் சோதிப்பதுபோல் என் கணவர் அதை ஊதுகுழல் நெருப்பில் காட்டினார். மீன் வெளுத்து வெடிப்பு விழுந்தது.

"வெறும் கண்ணாடியப்பா. ஐயாவை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்," என்றார்.

சில நாட்களில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட என் கணவர் திரும்பவேயில்லை.

பிறகு கொழும்பில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் மீனை லென்சில் பார்த்தார்.

"கண்ணாடியெண்டால் உள்ளுக்குக் குமிழி தெரியும். இதில கையால கடைஞ்ச தடம்தான் இருக்கு. அசல் ஜேட் அம்மா. அதுவும் சூடு பட்டால் இப்பிடி வெளுத்து வெடிக்கும். ஆர் இதை நெருப்பில காட்டினது?"

மீனைத் துணியில் சுற்றித் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இப்போது தெரிந்தவர்கள் பழைய கல் எதையாவது காட்டினால், நெருப்பு வேண்டாம், லென்சால் பாருங்கள் என்கிறேன். தகப்பன் ஏமாந்தார் என்று நம்பியபடியே போனவருக்குத்தான் சொல்ல வழியில்லை.