நோன்பால் இளைத்தவர்

என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் பட்டறை. இடுப்பு வார் தைக்கிற தொழில். நாற்பது வயதில் அவருக்கு நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் சயானில் இருந்த டாக்டர், வெளிநாட்டில் புதிதாக வந்த ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கப்பலில் வேலை பார்த்த என் தம்பி பிரான்சிலிருந்து அதை வாங்கி வந்தான். நெஞ்சு அடங்கியது. தானே கண்டுபிடித்த மருந்துபோல தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறேழு மாதம் கழித்து, டிசம்பரில் நோன்பு வந்தது. டாக்டரிடம் கேட்டீர்களா என்றால், "அவரா எனக்காவ நோன்பு வைக்கப் போறாரு?" என்றார். பத்தாவது நோன்பிலேயே கன்னம் ஒட்டிவிட்டது. நான் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் பனியனைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். நோன்பு திறந்ததும் ஐந்து கிண்ணம் கஞ்சி.

"நோன்புன்னா இவரு வைக்கதுதான் நோன்பு. மொகத்துல ஒளி பாத்தியளா?" என்றார் பள்ளிவாசல் மோதினார். அந்த ஒளி வியர்வை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நோன்பில் இளைத்தவர் மேல் எங்கள் ஆட்களுக்குத் தனி மரியாதை. இவரும் அதைச் சும்மா விடாமல், தொழுகையில் முன்வரிசைக்குப் போய்விட்டார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமைதான். "எங்க வீட்ல அவ்வொ பாதியாப் போயிட்டாவ" என்று பக்கத்து வீடுகளில் பீற்றிக்கொண்டேன்.

பெருநாள் வந்து போனது. ஒரு மாதம் நெய்ச்சோறும் கறியுமாகப் போட்டேன். அப்போதும் இளைத்துக்கொண்டே போனார். ஒருநாள் வார் அறுக்கும்போது கத்தி கோணிப் போனது. இருபது வருடமாகக் கோடு போடாமல் நேராக அறுத்த கை அது. அன்றுதான் பயந்தேன். டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

டாக்டர் இவர் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. இந்தியில் நிதானமாக விளக்கினார். இதய மாத்திரையில் அயோடின் நிறைய. அது கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பியைக் கிளப்பிவிட்டிருக்கிறது. நிறுத்தினாலும் பல மாதம் உடம்பைவிட்டுப் போகாது. அதற்குள் நெஞ்சு மறுபடி தறிகெட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

வெளியே வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "ஏளா, இத மோதினார்ட்ட சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க உசுரோட இருங்க" என்றேன்.

அந்த மாத்திரையை நிறுத்தி, தைராய்டை அடக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம், தினமும் அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். "ரேடியோ கேக்கியா?" என்பார்.

அடுத்த நோன்புக்கு டாக்டர் தடை போட்டார். அதற்கு ஈடாகத் தினமும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தோம். பெருநாளன்று, போன வருடம் இளைத்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தார். தொந்திமேல் பொத்தான் எட்டவில்லை.

"நோன்பும் வைக்காம தின்னே கெடந்தாம்னுல்லா சொல்லுவாவ" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நான் அந்த எட்டாத பொத்தானைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன்.